மதுரை நர்ஸ், நர்ஸ் பிராக்டிஷனர் ஆக வேண்டுமென்றால்: காகித வேலைக்கு ஒரு வழிகாட்டி

நர்ஸ் பிராக்டிஷனர் ஆக வேண்டும் என்று விசாரிக்கிற ஜூனியர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்தக் கோச்சிங் நல்லது, எவ்வளவு ஃபீஸ் என்பதைத்தான். படிப்பைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். மூன்று ஷிஃப்டும் மாறி மாறிப் பார்த்து, ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரோடு மல்லுக்கட்டியவர்களுக்குப் படிப்பு வந்துவிடும். இழுத்தடிப்பது காகிதம். நீங்கள் யார், எங்கே படித்தீர்கள், எந்த வார்டில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ன வேலை பார்த்தீர்கள் என்பதை, உங்களை முன்பின் பார்த்திராத ஓர் அலுவலகம் நம்பும்படி காட்ட வேண்டும். அதற்கான சான்றில் முக்கால்வாசி மதுரையிலும் சென்னையிலும் வாங்க வேண்டியது, ஊரில் இருக்கும்போதே வாங்கினால் பாதி அலைச்சல் மிச்சம். நான் அமெரிக்கா வந்த பிறகு தம்பியை ஒவ்வொரு கவுண்டராக அனுப்பி வாங்கினேன், அவன் இன்னும் சொல்லிக் காட்டுகிறான். அந்தப் பாடு உங்கள் தம்பிக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கட்டணம் எழுதியிருக்கும் இடங்களில் இன்றைய தொகையை அந்தந்தத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

1. எந்த வழி என்று முதலில் தீர்மானியுங்கள்

நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பெயர் மூன்று இடங்களில் அடிபடுகிறது, மூன்றும் வேறு வேறு.

முதலாவது, இந்தியாவிலேயே இருக்கும் கிரிட்டிக்கல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு. இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த இரண்டு வருட முதுநிலை ரெசிடென்சி இது. பி.எஸ்ஸி. நர்சிங் அல்லது போஸ்ட் பேசிக் முடித்து, பதிவு செய்து, குறைந்தது ஒரு வருடம் மருத்துவமனை அனுபவம் இருக்க வேண்டும், அது ஐ.சி.யூ. அனுபவமாக இருந்தால் நல்லது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் வகுப்பறை, மீதி எல்லாம் படுக்கைப் பக்கம். முடித்ததும் மாநிலக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். மருத்துவமனை எழுதி வைத்திருக்கும் வழிமுறைக்கும் நிலையாணைக்கும் உட்பட்டுத்தான் மருந்து கொடுப்பது, சிகிச்சைச் செயல்முறை செய்வது எல்லாம். சொந்தமாகக் கிளினிக் போர்டு மாட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இரண்டாவது, பிரசவப் பராமரிப்புக்கான மிட்வைஃபரி நர்ஸ் பிராக்டிஷனர். மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி வந்த 18 மாதப் பயிற்சி. லேபர் ரூமில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது பொருந்தும்.

மூன்றாவது, அமெரிக்கா. அங்கே நர்ஸ் பிராக்டிஷனர் நோயாளியைப் பரிசோதிப்பார், நோயைக் கண்டறிவார், மருந்துச் சீட்டு எழுதுவார். பெரும்பாலான ஜூனியர்கள் மனதில் வைத்திருப்பது இதைத்தான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்தியாவில் கிரிட்டிக்கல் கேர் படிப்பை முடித்தால் நேராக அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனராகச் சேரலாம் என்று சொல்லிப் பணம் வாங்கும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு வழியே கிடையாது. அங்கே முதலில் ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற நர்ஸ் ஆக வேண்டும், அப்புறம் அங்கீகாரம் பெற்ற முதுநிலை நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை முடிக்க வேண்டும், அப்புறம் தேசியச் சான்றுத் தேர்வு, அதற்கும் பிறகு மாநில லைசென்ஸ். இந்திய முதுநிலைப் படிப்பு வீண் என்று சொல்ல வரவில்லை. அது உங்களை நல்ல ஐ.சி.யூ. நர்ஸாக்கும், ஆனால் லைசென்ஸ் வாங்கித் தராது.

இந்தியப் படிப்பில் சேருகிறவர்கள் அட்மிஷனுக்கு முன் கல்லூரியில் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தப் படிப்புக்கென்று கவுன்சில் அனுமதி இந்த வருடத்துக்கு இருக்கிறதா, ரெசிடென்சி காலத்தில் ஸ்டைபெண்ட் எவ்வளவு, முன்பு முடித்தவர்கள் இப்போது எந்தப் பதவிப் பெயரில் வேலை பார்க்கிறார்கள். மூன்றாவது கேள்விக்கு இழுத்து இழுத்துப் பதில் வந்தால் யோசியுங்கள்.

எந்த வழியானாலும் 2 முதல் 5 வரை உள்ள படிகள் எல்லாருக்கும் பொது.

2. பெயரை ஒரே மாதிரி ஆக்குங்கள்

இதுதான் நம் ஊர்க்காரர்களை மற்ற மாநிலத்தவரைவிட அதிகம் படுத்துகிற விஷயம். காரணம் நம் இனிஷியல்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். அப்பா பெயர் முருகேசன், பெண் பெயர் செல்வராணி. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் எம். என்று இருக்கும். ஆதாரில் முன்னால் எம். பாஸ்போர்ட்டில் கொடுத்த பெயர் செல்வராணி, குடும்பப் பெயர் முருகேசன். கவுன்சில் பதிவில் செல்வ ராணி என்று நடுவில் ஓர் இடைவெளி. கல்யாணத்துக்குப் பிறகு பேங்கில் கணவர் பெயரின் இனிஷியல். நமக்கு இது எல்லாம் ஒரே ஆள். வெளிநாட்டு அலுவலகத்துக்கு நான்கைந்து ஆள்.

செய்ய வேண்டியது இது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் உள்ள எழுத்துக்கூட்டலை எங்கேயும் மாற்றாதீர்கள். இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுப் பாஸ்போர்ட் எடுங்கள். குடும்பப் பெயர்க் கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள். காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று அச்சாகும். முதற்பெயர் தெரியாதவர் என்று அதற்குப் பொருள். அதே பெயரில் லைசென்ஸ், அதே பெயரில் மருத்துவமனை அடையாள அட்டை. ‘குட் மார்னிங் எஃப்னு’ என்று கூப்பிடுவார்கள், சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்க்க வேண்டியதுதான்.

ஏற்கெனவே காலியாக விட்டு எடுத்துவிட்டீர்களா? ரேஸ் கோர்ஸ் சாலையில் இருக்கும் பாஸ்போர்ட் அலுவலகத்தில் ரீ-இஷ்யூ போட்டு இனிஷியலை விரித்துக்கொள்ளலாம். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேற்கொண்டு 2,000. அப்பா பெயர் தெளிவாக இருக்கும் உங்கள் மார்க் ஷீட், ஆதார் இரண்டையும் கொண்டுபோங்கள். அரசு மருத்துவமனையில் அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறவர்கள் துறையின் தடையில்லாச் சான்றோ முன்தகவல் கடிதமோ இல்லாமல் போனால் அப்பாயிண்ட்மென்ட் வீணாகும்.

எழுத்தே மாறியிருந்தால், அதாவது பெயரே வேறு மாதிரி வாசிக்கிற அளவுக்கு இருந்தால், அரசிதழில் வெளியிடுவதுதான் நிரந்தரத் தீர்வு. சின்ன வித்தியாசத்துக்கு நோட்டரி முன்னால் ‘இரண்டு பெயரும் ஒரே நபருடையது’ என்று ஓர் அஃபிடவிட் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதில் எந்த ஆவணத்தில் எந்த எழுத்துக்கூட்டல் என்று ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள், கோர்ட் வாசலில் டைப் அடிக்கிறவர் தன் வழக்கமான நான்கு வரியோடு முடிக்கப் பார்ப்பார்.

கல்யாணம் நிச்சயமாகி இருக்கிற பெண்களுக்கு ஒரு வார்த்தை: காகிதம் பாதி வழியில் இருக்கும்போது கணவர் பெயருக்கு மாற்றாதீர்கள். மாமியார் வீட்டில் கேட்டால் லைசென்ஸ் வந்ததும் மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். அதற்குள் அவர்களே மறந்துவிடுவார்கள்.

3. கவுன்சில் பதிவை உயிரோடு வைத்திருங்கள்

தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மிட்வைஃப்கள் கவுன்சில் சென்னை சாந்தோமில் இருக்கிறது. நம் மாநிலத்தில் நர்ஸ் பதிவுக்கு ஒரு எண், மிட்வைஃப் பதிவுக்கு ஒரு எண் என இரண்டு சான்றிதழ். இரண்டும் வேண்டும், ஒன்று மட்டும் இருந்தால் போதும் என்று நினைத்து இன்னொன்றை எங்கேயோ போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது என்.யூ.ஐ.டி. தேசிய அளவிலான நர்ஸ் பதிவேட்டில் ஆதாரோடு இணைத்துத் தரப்படும் தனி எண் இது. விண்ணப்பம் ஆன்லைன்தான், ஆனால் ஆதாரில் இருக்கும் மொபைல் எண் இப்போது உங்கள் கையில் இருக்கும் எண்ணா என்று முதலில் பாருங்கள். ஹாஸ்டலில் இருந்தபோது வாங்கிய சிம்மைத் தூக்கிப்போட்டவர்களுக்கு ஓ.டி.பி. வராமல் அங்கேயே நின்றுவிடும். ஆதார் மையத்தில் எண்ணை மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

புதுப்பித்தல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. அதற்குத் தொடர்கல்வி 150 மணி நேரம் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. உங்கள் மருத்துவமனையில் கருத்தரங்கு நடத்தினால் போய் உட்கார்ந்து சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வராதீர்கள், சான்றிதழில் கிரெடிட் மணி நேரம் அச்சாகி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மணி நேரம் இல்லாத சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் ஆகும்.

உங்கள் பதிவின் மேல் குறை எதுவும் இல்லை என்று கவுன்சில் தரும் குட் ஸ்டாண்டிங் சர்டிஃபிகேட், வெளிநாட்டு அலுவலகத்துக்குப் பதிவை உறுதிப்படுத்தும் வெரிஃபிகேஷன் இரண்டும் வேறு வேறு விண்ணப்பம். குட் ஸ்டாண்டிங்குக்குச் செல்லுபடிக் காலம் குறைவு என்பதால் சீக்கிரமே வாங்கி வைத்துப் பயனில்லை, யார் கேட்கிறார்களோ அவர்கள் கேட்கும்போது போடுங்கள். கவுன்சில் பதிவு மட்டும் எப்போதும் காலாவதியாகாமல் இருக்கட்டும், ஏனென்றால் வெளிநாட்டில் கேட்கும் முதல் கேள்வியே இப்போது செல்லுபடியாகும் பதிவு இருக்கிறதா என்பதுதான்.

4. அனுபவச் சான்று: வேலையை விடும் முன்பே வாங்குங்கள்

இந்த ஒரு படிக்காகவே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

நம் பக்கத்துத் தனியார் மருத்துவமனைகளில் ரிலீவ் ஆகும்போது ஒரு காகிதம் தருவார்கள். ‘இவர் எங்கள் மருத்துவமனையில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றினார், இவருடைய நடத்தை நன்று, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.’ அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஐ.சி.யூ.வா, ஓ.பி.யா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று ஒரு வார்த்தை இருக்காது.

நான் வேலை பார்த்த இடத்திலும் இதே காகிதம்தான். விவரமாக வேண்டும் என்று கேட்டதற்கு, ‘எல்லா சிஸ்டருக்கும் இதே ஃபார்மட்தாம்மா, உங்களுக்கு மட்டும் தனியா அடிக்க முடியாது’ என்று ஹெச்.ஆர். சார் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் திருப்பாமலே சொன்னார். கடைசியில் வேலை முடிந்தது எப்படி என்றால், தேவையான வாசகத்தை நானே டைப் செய்து, நர்சிங் சூப்பரிண்டெண்டென்ட் மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் படித்துப் பார்த்து ஒரு வார்டு பெயரை மட்டும் பேனாவால் திருத்திவிட்டு, ஓரத்தில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தைப் பார்த்த பிறகு லெட்டர்ஹெட் தானாக வந்தது. அதனால் ஹெச்.ஆரிடம் மோதாமல் உங்கள் நர்சிங் சூப்பரிண்டெண்டென்ட்டிடம் முதலில் போங்கள், உங்கள் வேலை தெரிந்தவர் அவர்தான்.

சான்றில் இருக்க வேண்டியவை: லெட்டர்ஹெட், குறிப்பு எண், தேதி. பாஸ்போர்ட்டில் உள்ளபடி உங்கள் முழுப்பெயர், கவுன்சில் பதிவு எண். பதவி, பிரிவு. சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள், இரண்டும் நாள்-மாதம்-வருடத்தோடு. முழுநேரமா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம். மருத்துவமனையின் மொத்தப் படுக்கை, உங்கள் பிரிவின் படுக்கை, ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி. செய்த வேலைகள். கையெழுத்துப் போடுகிறவரின் பெயர், பதவி, நேரடி போன், மருத்துவமனையின் பெயரிலேயே உள்ள மின்னஞ்சல். இந்த மின்னஞ்சல் ரொம்ப முக்கியம், ஜிமெயில் முகவரி கொடுத்தால் சரிபார்க்கிறவர்கள் பல நேரம் ஏற்றுக்கொள்வதில்லை.

வேலைகளை எழுதும்போது ‘நோயாளிகளைக் கவனித்தார்’ என்று எழுதி முடிக்காதீர்கள். இந்த மாதிரி எழுதுங்கள்:

‘16 படுக்கைகள் கொண்ட மருத்துவத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரத்துக்கு 48 மணி நேரம் பணியாற்றினார். வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகளின் பராமரிப்பு, நாளத்தின் வழி ரத்த அழுத்தக் கண்காணிப்பு, இனோட்ரோப் மருந்துகளின் அளவைக் கணக்கிட்டுச் செலுத்துதல், தமனி ரத்த மாதிரி எடுத்தல், அவசர இதய-நுரையீரல் மீட்பு ஆகியவற்றை மேற்கொண்டார். இரவுப் பணியில் பொறுப்பு நர்ஸாகவும் இருந்தார்.’

நீங்கள் செய்ததை மட்டும் எழுதுங்கள். கூட்டி எழுதினால் பின்னால் நேர்காணலில் யாராவது அதையே பிடித்துக் கேட்பார்கள்.

மருத்துவமனை தராவிட்டால் அல்லது மூடிப்போய்விட்டால்? நியமன ஆணை, சம்பளச் சீட்டு, சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட், பி.எஃப். தளத்தில் இருக்கும் சர்வீஸ் ஹிஸ்டரி. இந்தக் கடைசிச் சான்று பலருக்கும் நினைவுக்கு வருவதில்லை. யூ.ஏ.என். எண்ணைப் போட்டு உள்ளே போனால் எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விட்டீர்கள் என்று இருக்கும். சம்பளத்தைக் கையில் கொடுக்கும் சின்ன நர்சிங் ஹோமில் இருப்பவர்களுக்கு இது எதுவும் இருக்காது, அதனால் பேங்க் வழியாகச் சம்பளம் தரும் இடத்துக்கு முடிந்தவரை சீக்கிரம் மாறப் பாருங்கள்.

பாண்டு விஷயம். இத்தனை காலம் வேலையை விட மாட்டேன் என்பதற்கு ஈடாக, சேரும்போதே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. கொடுக்காமல் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். முடியாது, வேலை வேண்டும் என்றால், எந்தெந்த ஒரிஜினல் வாங்கப்பட்டது என்று லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு எழுதி வாங்காமல் கொடுக்காதீர்கள். நோட்டீஸ் காலத்தை முழுதாகப் பார்த்து முடித்து, ரிலீவிங் ஆர்டரைக் கையில் வாங்கிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். நைட் டூட்டி போட்டுக் கொல்கிறார்கள் என்று சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால், அந்த இடத்து அனுபவம் கணக்கில் வராது.

5. டிரான்ஸ்கிரிப்டும் ஒரிஜினல்களும்

டிரான்ஸ்கிரிப்ட் என்றால் மார்க் ஷீட் ஜெராக்ஸ் என்று சில கல்லூரி அலுவலகங்களே நினைத்துக்கொண்டிருக்கின்றன. வெளிநாட்டு அலுவலகங்கள் கேட்பது ஒவ்வொரு பாடத்துக்கும் வகுப்பு எத்தனை மணி நேரம், கிளினிக்கல் எத்தனை மணி நேரம் என்ற கணக்கு. மெடிக்கல் சர்ஜிக்கல், குழந்தைகள், மகப்பேறு, மனநலம் நான்கும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். இதைக் கல்லூரி நிரப்பித் தர வேண்டும். பரீட்சை சமயம், கவுன்சில் இன்ஸ்பெக்‌ஷன் சமயம் இரண்டிலும் போகாதீர்கள், யாரும் உங்களை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். போகும்போது உங்கள் பேட்ச்சின் பாடத்திட்ட நகலைக் கையோடு கொண்டுபோங்கள். அலுவலகத்தில் பழையது கிடைக்காமல் புதுப் பாடத்திட்டத்து மணி நேரத்தைப் போட்டு அனுப்பி, அது திரும்பி வந்த கதைகள் உண்டு.

பல்கலைக்கழகம் கிண்டியில், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். நேரில் போவதென்றால் ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலை எழும்பூர், சாந்தோம் வேலையையும் கிண்டி வேலையையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமையும் விடுமுறைக்கு மறுநாளும் வேண்டாம்.

உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்தும் சீலும் வைத்துக் கொடுத்தால் அந்த உறையைப் பிரிக்கவே கூடாது. உள்ளே சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் ஆசை வரும், பார்த்தால் அந்தக் கவர் செல்லாது. சரிபார்க்க வேண்டியதை ஒட்டுவதற்கு முன்னாலேயே, கவுண்டரிலேயே பார்த்துவிடுங்கள்.

சான்றிதழ்களை லாமினேஷன் செய்யாதீர்கள். அட்டஸ்டேஷன் முத்திரை பின்பக்கம் குத்த வேண்டியிருக்கும், பிளாஸ்டிக் மேல் குத்த மாட்டார்கள். ஏற்கெனவே செய்தது என்றால் நகல் சான்றிதழுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டிவரும்.

அப்போஸ்டில், அதாவது சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுபடியாக நம் வெளியுறவுத் துறை வைக்கும் முத்திரை, அல்லது அதற்குப் பதிலாகத் தூதரக அட்டஸ்டேஷன், வளைகுடாவுக்கும் சில ஐரோப்பிய நாடுகளுக்கும் போகிறவர்கள் எது வேண்டும் என்று நாட்டுக்கு நாடு கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். அமெரிக்க மதிப்பீட்டுக்கு ஆவணம் கல்லூரியிலிருந்தும் கவுன்சிலிலிருந்தும் நேராகப் போவதுதான் முக்கியம். எல்லாருக்கும் கட்டாயம் என்று சொல்லி ஏஜென்ட் ஒரு பில் நீட்டினால், எந்த அலுவலகம் கேட்கிறது, எழுத்தில் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

6. அமெரிக்க ஆர்.என். வரை

கல்வி மதிப்பீட்டைச் செய்யும் பெரிய நிறுவனம் சி.ஜி.எஃப்.என்.எஸ்., 2025-இல் ட்ரூமெரிட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. எந்த மாநிலத்தில் லைசென்ஸ் கேட்கிறீர்களோ அந்த மாநில போர்டு என்ன ரிப்போர்ட் கேட்கிறது என்று பார்த்து, அதை மட்டும் ஆர்டர் செய்யுங்கள். பெயர் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மூன்று சேவைகள் இருக்கின்றன, தப்பானதுக்குப் பணம் கட்டினால் திரும்ப வராது.

ஆர்.என். லைசென்ஸுக்கு எழுத வேண்டிய என்கிளெக்ஸ் தேர்வின் கட்டணம் 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் மேற்கொண்டு 150 டாலரும் வரியும். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, ஐந்து மணி நேரம். மதுரையில் மையம் கிடையாது, பெருநகரங்களில்தான் எழுத வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் தேர்வு அனுமதியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். இரண்டாவது படியில் ஏன் அவ்வளவு நேரம் நின்றேன் என்று இப்போது புரியும்.

இனி ஏஜென்ட் சொல்லாத விஷயம். ஆர்.என். வேலைக்கான குடியேற்ற விசா பொதுவாக இ.பி.-3 பிரிவில் வரும், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அதில் நீண்ட வரிசை. 2025-இலும் 2013 வாக்கில் வரிசையில் சேர்ந்தவர்களுக்குத்தான் விசா எண் வந்துகொண்டிருந்தது. தேர்வு எழுதினால் இரண்டு வருடத்தில் குடும்பத்தோடு பறக்கலாம் என்று சொல்கிறவரிடம் இந்த வரிசையைப் பற்றிக் கேளுங்கள், முகத்தைப் பாருங்கள். நடைமுறையில் நம்மவர்கள் போவது கணவன் அல்லது மனைவியின் வேலை விசாவோடு, இல்லை அங்கே முதுநிலை படிக்க மாணவர் விசாவில். நான் போனது முதல் வகையில். இரண்டாவது வகையில் செலவு அதிகம், வீட்டை அடமானம் வைக்கும் முன் இந்த வரிசையை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

7. அங்கே நர்ஸ் பிராக்டிஷனர் ஆவது

ஆர்.என். லைசென்ஸுக்குப் பிறகு முதுநிலை அல்லது முனைவர் அளவிலான படிப்பு. குடும்ப மருத்துவம், முதியோர், குழந்தைகள், மனநலம் என்று எந்த மக்கள் பிரிவுக்குப் படிக்கிறீர்களோ அதற்குள்தான் பிராக்டிஸ், ஐ.சி.யூ. அனுபவம் இருப்பதால் ஐ.சி.யூ.விலேயே வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்து குடும்ப மருத்துவப் பிரிவை எடுக்காதீர்கள். சேரும் முன் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதோடு, கிளினிக்கல் மணி நேரத்துக்கு மேற்பார்வையாளரைக் கல்லூரியே ஏற்பாடு செய்யுமா என்று கேளுங்கள். நீங்களே தேட வேண்டும் என்றால், ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அது பெரிய தலைவலி.

குடும்ப மருத்துவப் பிரிவுக்குத் தேசியச் சான்று இரண்டு அமைப்புகளில் ஏதாவது ஒன்றில், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்; மற்றப் பிரிவுகளுக்கு அமைப்பும் காலமும் மாறலாம். பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள் அமைப்புக்கு ஏற்ப மாறும், தகுதியில் ஏற்றத்தாழ்வு இல்லை.

மாநிலம் மிக முக்கியம். அரிசோனாவில் டாக்டர் ஒப்பந்தம் இல்லாமல் முழு அதிகாரத்தோடு பார்க்கலாம். டெக்சாஸில் மருந்து எழுத ஒரு டாக்டரோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும். சொந்தக்காரர் எங்கே இருக்கிறார் என்பதை மட்டும் பார்த்து மாநிலத்தைத் தேர்வு செய்யாதீர்கள்.

8. உங்கள் தொழில் விவரத்தைப் பதிவேடுகளில் ஏற்றும்போது

வேலை கிடைத்ததும் மருத்துவமனையும் காப்பீட்டு நிறுவனங்களும் உங்கள் பின்னணியைச் சரிபார்க்கும். மூன்று நான்கு மாதம் ஆகலாம், அது முடியாமல் நீங்கள் பார்க்கும் நோயாளிக்குக் காப்பீட்டுப் பணம் வராது. அதனால் வேலையும் உறுதியாகி லைசென்ஸும் கைக்கு வந்த வாரமே ஆரம்பியுங்கள்.

சிகிச்சை தருகிற ஒவ்வொருவருக்கும் அமெரிக்க அரசு தரும் என்.பி.ஐ. என்ற பத்து இலக்க எண்ணுக்குக் கட்டணம் இல்லை. காசு கேட்கும் தளம் ஏதாவது வந்தால் அது அரசுத் தளம் அல்ல. இந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பெயர் போட்டுத் தேடிப் பார்க்கலாம், உங்கள் முகவரியும் போனும் அதில் தெரியும். வேலைக்குச் சேரும் முன்பே எண் எடுக்கிறவர்கள் வீட்டு முகவரியையும் சொந்த மொபைலையும் போட்டுவிடுகிறார்கள், அது அங்கிருந்து பல தளங்களுக்குப் பரவிவிடும், திரும்பப் பிடிக்க முடியாது. வேலை உறுதியாகும் வரை பொறுத்து, கிளினிக் முகவரியைப் போடுங்கள்.

வேலை வரலாறு கடந்த ஐந்து வருடத்துக்குக் கேட்பார்கள், மாதமும் வருடமும் வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் விளக்கம் கேட்பார்கள், ஒரு வருடத்துக்கு மேல் என்றால் எழுத்தில். பிரசவம், குழந்தை வளர்ப்பு, விசா காத்திருப்பு எதுவானாலும் நேராக எழுதுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தேதியை இழுத்து இடைவெளியை மறைக்கப் பார்த்தால்தான் சிக்கல், ஏனென்றால் மதுரை மருத்துவமனைக்கே மின்னஞ்சல் போகும், அங்கே இருக்கிற பதிவேட்டில் வேறு தேதி இருக்கும். நீங்கள் விட்டு வந்த பிறகு ஹெச்.ஆர். மாறியிருப்பார், அதனால் பழைய நர்சிங் சூப்பரிண்டெண்டென்ட் மேடத்துக்கு முன்கூட்டியே போன் போட்டு, ‘மேடம், ஒரு மெயில் வரும், பார்த்துப் பதில் போடச் சொல்லுங்க’ என்று சொல்லி வையுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து அனுப்பி வைத்திருந்தால் இந்தப் போன் சுலபமாக இருக்கும்.

காப்பீட்டு நிறுவனங்கள் பார்ப்பதற்காக இந்த விவரத்தை எல்லாம் ஏற்றிவைக்கும் சி.ஏ.க்யூ.ஹெச். (CAQH) என்ற பொதுத் தளத்தில் 120 நாளுக்கு ஒருமுறை உள்ளே போய் எல்லாம் சரி என்று உறுதிப்படுத்த வேண்டும். போனில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள், தவறினால் காப்பீட்டு வேலை நடுவில் நிற்கும்.

போதை தரக்கூடியவை போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்து எழுத, அமெரிக்கப் போதைமருந்துத் தடுப்புத் துறையான டி.இ.ஏ.வின் பதிவு தனி, மூன்று வருடத்துக்கு 888 டாலர், கூடவே எட்டு மணி நேரப் பயிற்சி. பல இடங்களில் மருத்துவமனை கட்டிவிடும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள். கிளினிக் மாறினால் என்.பி.ஐ. பதிவேட்டில் 30 நாளுக்குள் புது முகவரியை ஏற்ற வேண்டும், மாநில போர்டுக்கும் டி.இ.ஏ.வுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், ஒன்றில் மாற்றினால் மற்றவற்றில் தானாக மாறாது.